நம்ம புள்ள, பொறுத்துக்கும்

செய்தியை அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று கேட்க எழுந்து நடந்தார் வெள்ளியங்கிரி. பத்தடி தூரம்தான். அவரிடம் வேலை பார்க்கும் டைலர் என்ற அமெரிக்கப் பையன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டுக் கூப்பிடுவது இந்த ஊரில் மரியாதை இல்லை என்று யாரோ ஒரு காலத்தில் அவரிடம் சொல்லி வைத்துவிட்டார்கள். அதனால் நாற்காலிக்குப் பின்னால் கைகளைக் கோத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார். மூன்று நிமிடம் கழித்து டைலர் தற்செயலாகத் திரும்பி, திடுக்கிட்டு, ஹெட்போனைக் கழற்றினான்.

"மெசேஜ் வந்ததா?"

"வந்தது வெல்லி. கட்டைவிரல் போட்டேனே!"

"ஓ, அதுதான் பதிலா? சரி சரி. சாப்பிட்டாயா?"

வெள்ளியங்கிரி என்ற பெயரை வெல்லி என்று சுருக்கியவன் டைலர்தான். இவருக்கு அதில் வருத்தமில்லை. ஐம்பத்தேழு வயது, பொள்ளாச்சிக்குத் தெற்கே கோட்டூர்க்காரர். சன்னிவேலில், ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு கம்பெனியில் இருபத்து மூன்று வருடமாக வேலை பார்க்கிறார். மருத்துவமனையில் எந்தக் கட்டில் காலியாகிறது, எந்த நோயாளி எந்த வார்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் மென்பொருள் அவர்களுடையது. அதைப் பார்த்துக்கொள்ளும் ஏழு பேருக்கு இவர் மேலாளர். ஏழு பேரில் மூத்தவனுக்கே முப்பத்து மூன்று வயதுதான். எல்லோரும் தொப்பி வைத்த பனியன் சட்டையில் வந்து உட்கார்ந்திருக்க, நடுவில் முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டு, பையில் இரண்டு பேனாவோடு நடமாடுகிறவர் இவர் ஒருவர்தான்.

அலுவலகச் செய்திப் பலகையில் இவர் எழுதுவது தனி ரகம். 'ஓகே' என்று இரண்டெழுத்துப் போட வேண்டிய இடத்தில் 'அன்புள்ள டைலர்' என்று தொடங்கி, நலம் விசாரித்து, விஷயத்துக்கு வந்து, 'இப்படிக்கு' என்று முடிப்பார். ஒருமுறை இவர் ஏதோ வேடிக்கையாக எழுதப்போக, டைலர் பதிலுக்கு ஒரு மண்டையோட்டுப் படம் போட்டுவிட்டான். பையனுக்கு என்ன ஆயிற்றோ என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினார். சிரித்துச் சிரித்துச் செத்துப்போனேன் என்று அர்த்தமாம். "ஏனப்பா, அதுக்கு ஒரு சிரிச்ச மூஞ்சி போட்டா ஆவாதா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டுத் திரும்பினார். டைலருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தான்.

இதையெல்லாம் வைத்து ஆளை அசடு என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு மார்ச் மாதம், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்த ஞாயிற்றுக்கிழமை, ஆறு மருத்துவமனைகளில் ஒரே கட்டிலுக்கு இரண்டு நோயாளிகள் என்று திரை காட்டத் தொடங்கியது. ஏழு பேரும் புதுப்புதுக் கருவிகளை வைத்துக்கொண்டு வரைபடங்களைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இவர் வந்து பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ராத்திரி ரெண்டு மணியிலிருந்து மூணு மணி வரைக்கும் ஒரு மணி நேரம் இல்லாமலே போச்சே, அப்போ டிஸ்சார்ஜ் ஆனவங்க எங்கே போனாங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அங்கேதான் இருந்தது கோளாறு. பிள்ளைகளுக்கு இவர்மேல் அன்றிலிருந்து ஒரு பிரியம் விழுந்துவிட்டது.

அந்த ஏழு பேரில் தமிழ் பேசுகிறவள் வான்மதி மட்டும்தான். இருபத்தாறு வயது, திருச்செங்கோட்டுக்காரி. இங்கேயே மேற்படிப்பு முடித்துவிட்டு விசாவில் வேலைக்குச் சேர்ந்தவள். கூட்டத்தில் இவரை மற்றவர்கள் மாதிரி வெல்லி என்பாள், தனியாக வந்தால் சார், வீட்டுக்கு வந்தால் அங்கிள். இவருக்கு அவள் கண்ணு. திரை உறைந்தால், பாஸ்வேர்டு மறந்தால், புதிதாக ஒரு பொத்தான் முளைத்தால், "கண்ணு, இதென்னமோ கேக்குது, வந்து பாரு" என்று குரல் கொடுப்பார். அவள் வந்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "முடிஞ்சுதுங்க சார்" என்று போவாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

போன வருடம் கூட்டங்களில் குறிப்பெடுக்க ஒரு கருவி வந்தது. அதுவும் ஒரு ஆள் மாதிரி கூட்டத்தில் வந்து உட்கார்ந்து, பேசுவதையெல்லாம் கேட்டு, முடிந்ததும் சுருக்கமாக எழுதி எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடும். வெள்ளியங்கிரி அதற்கு ஏட்டய்யா என்று பெயர் வைத்தார். அப்படியென்றால் என்ன என்று மற்றவர்கள் கேட்க, ஊர் போலீஸ் ஸ்டேஷனில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறவர் என்று வான்மதி விளக்கினாள். அதிலிருந்து டைலர்கூட "ஏட்டயா வந்தாச்சா?" என்றுதான் கூட்டத்தைத் தொடங்குவான். ஆனால் ஏட்டய்யாவுக்கு ஒரு குறை. இவர் வேகமாகப் பேசும்போது இங்கிலீஷுக்கு நடுவே தமிழ் வந்து விழும், அந்த இடங்களையெல்லாம் அது விட்டுவிடும். இவர் சொல்ல வந்ததில் பாதி குறிப்பில் இருக்காது. வான்மதி ஒருநாள் தானாகவே எங்கோ போய், எதையோ திறந்து, தமிழையும் சேர்த்து வைத்தாள். "இனிமே நீங்க எப்படிப் பேசுனாலும் புடிச்சுக்கும் சார்" என்றாள். இவர் தலையாட்டிக்கொண்டார், அன்றே மறந்தும் போனார்.

மறந்ததற்குக் காரணம் உண்டு. கடல் தாண்டி வந்த நம் ஆட்களுக்கெல்லாம் தமிழ் என்பது தாழ்ப்பாள் போட்ட அறை. வீடு வாங்கப் போனால், விற்கிறவர் எதிரிலேயே நின்றுகொண்டு, "ரொம்ப ஏத்திச் சொல்றான், முகத்தக் காட்டிக்காத" என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வார்கள். லிஃப்டில் பக்கத்தில் நிற்பவரின் சட்டையைப் பற்றிக் கூசாமல் பேசுவார்கள். வெள்ளியங்கிரியும் அவர் மனைவி நாகரத்தினமும் இருபத்து மூன்று வருடமாக அப்படித்தான் பேசி வந்திருக்கிறார்கள். ஒருவரும் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, ரோஹன் இவரைக் கூப்பிட்டான். முப்பத்தெட்டு வயது, நியூஜெர்சியில் பிறந்தவன், இவருக்கு மேலதிகாரி. ஒவ்வொரு அணியிலும் ஒருவரைக் குறைக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பெயர் வேண்டும் என்றான். "சாரி வெல்லி" என்று இரண்டு தடவை சொன்னான். வெள்ளியங்கிரி அன்றைக்கு மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. யார் பெயரைக் கொடுப்பது? வேலையை வைத்துப் பார்த்தால் பின்தங்கியிருந்தவன் டைலர். அவனுக்கு இரட்டைக் குழந்தை பிறந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. முன்னால் நின்றவள் வான்மதி. அவள் வேலை போனால் அறுபது நாளில் வேறு வேலை தேடியாக வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மூன்று நாள் மனிதர் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலைக் கூட்டம் வழக்கம்போல நடந்தது. ஏழு பேரும் இருபதடிக்குள்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் அவரவர் திரையிலிருந்தே ஹெட்போனோடு கூட்டத்துக்கு வருவதுதான் வழக்கம், இவர் மட்டும் கண்ணாடி அறைக்குள் மடிக்கணினியோடு உட்காருவார். கூட்டம் முடிந்தால் இவர் முதலில் வெளியேற மாட்டார். வந்தவர்கள் போகும் முன் வீட்டுக்காரன் கதவைச் சாத்தலாமா? ஒவ்வொருவராகப் போகப் போகத் திரையைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருப்பார். அன்றும் அப்படியே எல்லோரும் போனார்கள். ஏட்டய்யா மட்டும் திரையின் ஒரு மூலையில் இருந்தார்.

அந்த நேரம் பார்த்து நாகரத்தினம் போன் பண்ணினார். போனைக் காதில் வைத்துப் பேசுவது வெள்ளியங்கிரிக்குப் பிடிக்காது. மேசைமேல் மல்லாக்க வைத்து, சத்தமாகத்தான் பேசுவார்.

"ஏனுங்க, சனிக்கெழம அந்த வான்மதிப் புள்ளய மத்தியானம் சாப்பிட வரச் சொன்னீங்களே, இட்லிக்கு அரிசி ஊறப்போடட்டுங்களா?"

"போடு ரத்தினம்." பிறகு அவராகவே சொன்னார். "நாளைக்கு ஒரு பேரு குடுக்கோணும்னு சொன்னேனல்ல? அந்தப் புள்ள பேரத்தான் குடுக்கறாப்பல இருக்குது."

"என்னத்தங்க சொல்றீங்க! அவதான் உங்க டீம்லயே நல்லா வேலை பாக்கறான்னு நீங்கதான சொன்னீங்க?"

"பாக்கறா. யாரு இல்லைன்னா? அவள வெச்சுக்கிட்டு டைலர அனுப்புனா என்ன சொல்லுவாங்க? ஊர்க்காரப் புள்ளயக் காப்பாத்திக்கிட்டான்னு சொல்லமாட்டாங்களா? இத்தன வருஷத்துல ஒருத்தன் என்னைப் பாத்து அந்த வார்த்த சொன்னதில்ல, ரத்தினம்."

"அவளுக்கு விசா போயிருமேங்க."

"அறுவது நாள் இருக்குதல்ல. கெட்டிக்காரி, வேற கெடச்சிரும். டைலர்கிட்டப் போயி நீ பொறுத்துக்கன்னு நான் சொல்ல முடியுமா? இவ நம்ம புள்ள, பொறுத்துக்கும்."

நாகரத்தினம் போனை வைத்துவிட்டார். வெள்ளியங்கிரி கணினியை மூடினார். கூட்டம் முடிந்துவிட்டது என்று ஏட்டய்யாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. கண்ணாடிக்கு வெளியே ஒருத்தி ஹெட்போனைக் கழற்றினாள். அடுத்து டைலர். அப்புறம் இன்னொருவன். ஏழு பேரும் ஒரே நேரத்தில் காதைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்ததை வெள்ளியங்கிரி அதுவரை பார்த்ததே இல்லை. என்னவோ ஏதோ என்று கணினியைத் திறந்தார். எட்டுப் பேருக்கும் போயிருந்த மின்னஞ்சல் முதலாவதாக இருந்தது. சுத்தமான ஆங்கிலம், ஒரு பிழை கிடையாது.

'முடிவு: வான்மதியின் பெயர் நாளை கொடுக்கப்படும். காரணம்: அவர் மேலாளரின் ஊர்ப்பக்கத்தவர், அவரை வைத்துக்கொண்டால் பாரபட்சம் என்ற பேச்சு வரும். கவனிக்க: வான்மதிக்கு விசாச் சிக்கல் உண்டு. கருத்து: வான்மதி பொறுத்துக்கொள்வார். அடுத்து செய்ய வேண்டியது: வான்மதி சனிக்கிழமை விருந்துக்கு வருவதால் நாகரத்தினம் அரிசி ஊறவைப்பார்.'

வெள்ளியங்கிரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதை எப்படித் திரும்ப வாங்குவது? எந்தப் பொத்தான்? இந்த மாதிரி நேரத்தில் அவர் கூப்பிடுவதற்கு இந்த உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு. "கண்ணு" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த மனிதர் அந்த நிமிடம் பட்ட பாட்டைப் பகையாளியும் படக் கூடாது.

அவள் தானாகவே வந்தாள். கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

"எடுத்துரட்டுங்களா சார்?"

"முடியுமா?" என்று கேட்டுவிட்டார். வெட்கங்கெட்ட கேள்விதான், ஆனால் கேட்டுவிட்டார்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்துகொள்ள, அவள் உட்காராமல் குனிந்தே நாலைந்து தட்டுத் தட்டினாள். "நோட்ஸ் பேஜ்ல இருந்து எடுத்தாச்சுங்க சார். மெயில் போனது போனதுதான்." நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் உடையவில்லை. "நீங்க பேசறதுல பாதி விட்டுப்போகுதேன்னுதாஞ் சார் நான் தமிழ் போட்டு வெச்சேன்."

"வான்மதி, நான் என்ன நெனச்சேன்னா..."

"எல்லாம் படிச்சேனுங்க சார். டைலருக்குக் கொழந்தைங்க இருக்குது, அது புரியுது. உங்க பேரு கெட்டுரும், அதுவும் புரியுது. நான் பொறுத்துக்குவேன்னு எத வெச்சு எழுதுனீங்க, அது மட்டும் புரியலீங்க."

எழுதியது நான் இல்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவள் அவரிடம் தமிழில் பேசியது அதுதான் கடைசி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னபோது நாகரத்தினம் அடுப்பை அணைத்துவிட்டு நின்றார். "நம்ம புள்ளன்னா மொதல்ல வெட்டிப் போடறதுக்குங்களா? அவளப் பெத்தவங்க அதுக்குத்தான் அனுப்பி வெச்சாங்களா?" என்று கேட்டார். முப்பது வருடத்தில் அந்த அம்மாள் புருஷனிடம் குரலை உயர்த்தியது இரண்டாவது முறை. வெள்ளியங்கிரி சட்டையைக்கூட மாற்றாமல் சோபாவில் அப்படியே உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை மாவு பொங்கி வழிந்து தரையெல்லாம் ஆயிற்று. அவள் வரவில்லை. வருவாள் என்று இரண்டு மணி வரைக்கும் வாசலைப் பார்த்தவர் இவர்தான்.

அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை காலையிலேயே, ரோஹனிடம் போய், என் பெயரைப் போட்டுக்கொள் என்று சொல்லிப் பார்த்தார். ரோஹன் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு, "வெல்லி, இனிமே இதுல நீயும் நானும் பேசறதுக்கே ஒண்ணும் இல்லை" என்றான். அந்த மின்னஞ்சல் மேலிடத்துக்குத் தெரிந்து, விஷயம் கம்பெனி வக்கீல்களிடம் போயிருந்தது. அப்படி ஒரு காரணம் எழுத்தில் இருக்கும்போது அந்த அணியில் யார்மேலும் கை வைக்க முடியாது என்று அவர்கள் சொல்லிவிட, ஏழு பேர் வேலையும் தப்பியது. இவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும், கணினியிலேயே படித்துத் தேர்வு எழுத வேண்டிய ஒரு பாடமும் கிடைத்தன. தன் இனத்தாரை மேலாளர் எப்படி நடத்த வேண்டும் என்பது அதில் நாலாவது கேள்வி. முதல் தடவை அதில் தவறிவிட்டார், அடுத்த தடவை தேறினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து 'அன்புள்ள வான்மதி' என்று தொடங்கி ஒரு செய்தி எழுதினார். தமிழில்தான். என் பேருக்குப் பயந்து உன்னைப் பலி கொடுக்கப் பார்த்தேன், மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்குத் தகுதியில்லை என்றெல்லாம் எழுதியிருந்தது. திங்கட்கிழமை காலை அனுப்பினார். சிறிது நேரத்தில் அதன் கீழே ஒரு கட்டைவிரல் வந்து நின்றது. போய்ச் சேர்ந்ததா என்று கேட்க அவர் எழுந்து போகவில்லை.

அதன் பிறகு அவள் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கூட்டத்துக்கு நேரத்தில் வருவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், எல்லாம் ஆங்கிலத்தில். இவருக்குத் திரை உறைந்தால் இப்போது உதவி மையத்துக்கு எழுதிப் போடுகிறார். அவர்கள் மறுநாள் வந்து பார்க்கிறார்கள். வரும்வரை பேனாவால் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். டைலர் ஒருநாள் தானே எழுந்து வந்து சரிசெய்து கொடுத்தான். அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

ஜனவரியில் வான்மதியிடமிருந்து ஒற்றை வரி வந்தது. டெக்சாஸில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள், மேலாளர் என்ற இடத்தில் இவர் எண்ணைக் கொடுத்திருக்கிறாள், ஒருவேளை கூப்பிடுவார்கள். வேறு வழியில்லாமல் கொடுத்ததுதான், அந்தப் படிவத்தில் மேலாளரின் பெயர் கட்டாயம். அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. இப்போது பேர்லேண்டில் வீடெடுத்து, காரில் ஹூஸ்டனுக்குப் போய்வருகிறாள். படிக்கிறவர்கள் நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் இதை இங்கேயே சொல்லிவிடுவது.

அவர்கள் கூப்பிட்ட அன்று வெள்ளியங்கிரி வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய், காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டார். பேச வேண்டியதை இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்க்கவே இல்லை. அந்தப் பக்கம் பேசிய பெண்மணி பதினைந்து நிமிடம்தான் நேரம் கேட்டிருந்தார், இவர் நாற்பது நிமிடம் பேசினார். அவள் எழுதிய நிரல் எவ்வளவு சுத்தம், தெரியாததைத் தெரியாது என்று எப்படிச் சொல்வாள், வயதான ஒருவருக்கு ஒரே விஷயத்தைப் பத்துத் தடவை எப்படிச் சலிக்காமல் சொல்லிக் கொடுப்பாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார், ஒரு தமிழ் வார்த்தை இடையில் வந்து விழவில்லை.

"மிக்க நன்றி, கடைசியாக ஒரே ஒரு கேள்வி" என்றார் அந்தப் பெண்மணி. "வாய்ப்புக் கிடைத்தால் இவரை மறுபடியும் உங்கள் அணியில் சேர்த்துக்கொள்வீர்களா?"

வெள்ளியங்கிரி வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

"ஹலோ? லைனில் இருக்கிறீர்களா?"

அவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த சுவரைப் பார்த்து, கண்ணீர் தாடையில் இறங்க, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.